மீட்டருக்கு எவ்வளவு

கருப்பு மையில் நிரப்பவும்.
கட்டணம் நூற்று நாற்பது ராண்ட், திரும்பி வராது.
பெயர்: சரோஷ்னி படையாச்சி.
முகவரி: டொங்காட், சர்க்கரை ஆலைக்குப் பின்தெரு,
வாசலில் ஆரஞ்சுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் வீடு.
அடையாளம் யாரும் கேட்கவில்லை. எழுதிவைத்தேன்.

கோரும் ஆவணம் என்ற கட்டம்
என் சுண்டுவிரல் அகலம்.
நுணுக்கி நுணுக்கி அதற்குள் அடக்கினேன்:
எங்கள் வார்டில் ஃபைபர் கேபிள் பதிக்க
மீட்டருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்,
யாருக்கு,
எத்தனை மீட்டர் என்று யார் அளந்தது.

பதினாறு வருஷம் டயர்க் கடையில் கணக்கு எழுதியவள் நான்.
மொத்தத்தை உரக்கச் சொல்லி
பில்லை மேசைக்கடியில் தள்ளுகிறவனை
வாசனையிலேயே தெரியும்.
தெருமுனைப் பலகையில் மொத்தம் போட்டிருந்தார்கள்.
அதன் சைபர்களை எண்ணி முடிக்கும் முன்
மினிபஸ் நகர்ந்துவிடும்.

எந்த மொழியில் ஆவணம் வேண்டும்?
இப்படியும் ஒரு கட்டம்.
ஆங்கிலம் என்று போகவிருந்த கை நின்றது.
கோயில் கூடத்துச் சனிக்கிழமை வகுப்பில்
நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிய மொழி.
எந்த இடத்தில் இரண்டு சுழி, எங்கே மூன்று,
இன்றும் தடுமாற்றம்தான்.
தமிழ் என்று எழுதினேன்.
ழ கோட்டுக்குக் கீழே கால் தொங்கவிட்டது.
கவுன்டரில் நொம்பூசோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இதுதான் உங்கள் கையெழுத்தா என்றாள்.

முப்பது நாள்.
பிறகு ஒரு நீட்டிப்பு, இன்னும் முப்பது.
அதற்குள் லவேஷ் தன் கல்லூரி விண்ணப்பத்தை
மருந்துக்கடை வாசலில் நின்று அனுப்பினான்.
அங்கே ஷட்டரைத் தாண்டி வைஃபை கொஞ்சம் கசியும்,
மூன்றாம் படியில் மட்டும்.
அந்தப் படியில் ஏற்கனவே ஒரு நாய்.

பதில் வந்தது, இருநூற்றுப் பதினாலு பக்கம்.
வரிக்கு வரி கரி.
மூன்றாம் தரப்பின் வணிக ரகசியமாம்.
அன்று கரும்பு வயலுக்குத் தீ வைத்திருந்தார்கள்.
முற்றத்தில் உட்கார்ந்து புரட்டப் புரட்ட
சோகைச் சாம்பல் தாளில் இறங்கியது.
எது வானம் போட்டது, எது அலுவலகம் பூசியது?
ஊதிப் பார்த்தேன்.
வானத்துடையது பறந்துபோனது.

மேலே பின் குத்திய ரசீது மட்டும் பளிச்சென்று:
நகல், பக்கத்துக்கு இரண்டு ராண்ட்,
ஆக நானூற்று இருபத்தெட்டு.
விலை போடத் தெரியாதவர்கள் இல்லை.

தொண்ணூற்றேழாம் பக்கத்தில் பூசாமல் தப்பிய ஒரு வரி:
நடைபாதைப் புல் மறுபடி பதித்தல், முடிந்தது.
எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.
செம்மண்.
அதில் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுச் சுவர் பூச வந்திருந்த ம்லுங்கிசி
குழாயைப் பார்த்துச் சிரித்தான்.
இந்தப் பள்ளம் நான் வெட்டியது அக்கா.
மீட்டருக்கு?
பதினெட்டு ராண்ட். பாறை வந்தாலும் பதினெட்டு.
ஆழம்?
முழங்கால் வரை என்று தாளில்,
கணுக்கால் போதும் என்று ஃபோர்மன்.

டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான்.
கோழி விலகியது.
தெருக்கோடி வரை இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
பழைய டயர்க் கடைப் பேரேட்டில்
காலியாகக் கிடந்த பக்கத்தில் பதிந்தோம்.
அவன் கைநாட்டு வைக்கவில்லை,
முழுப் பெயரையும் எழுதினான், நிறுத்தி, அழுத்தி.

மேல்முறையீட்டுப் படிவத்தில் கட்டம் இன்னும் சிறியது.
எழுதினேன்: உங்களிடம் இல்லாத ஆவணம் ஒன்று
இத்துடன் இணைத்திருக்கிறேன்.
மொழிக் கட்டத்தில் நான் தமிழ் என்று போட,
அவன் பேனாவை வாங்கி
அருகிலேயே இசிஜூலு என்று போட்டான்.
கோடு போதவில்லை. ஓரம் ஏறிப் போனது.

நொம்பூசோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது.
வாயால் ஊதி, இரண்டு தரம் குத்தினாள்.